பதில் எழுத ஆளில்லாத மறுப்பு

பசை புளித்துவிட்டது, டொக்டர். நேற்றுக் கோதுமை மாவைக் கரைத்து, நீங்கள் செய்வது போலவே கொஞ்சம் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சி வைத்தேன். இன்று காலை மூடியைத் திறந்தால் குப்பென்று ஒரு நாற்றம். கண்டி மழையில் எதுதான் புளிக்காது! என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "உதை வெளியிலை கொண்டுபோய் ஊத்துங்கோவன், வீடு முழுக்க மணக்குது" என்கிறாள். நான் ஊற்றவில்லை. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் கட்டுக்கலையில் உங்கள் மருந்துச்சாலையின் பின்னறை கண்முன் வந்துவிட்டது. இரண்டு கதிரை, மேசை நிறையக் கத்தரித்த கடதாசி, நடுவே கத்தரிக்கோலும் கையுமாக நீங்கள். அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. உங்களிடம் மறைத்து என்ன பயன்?

நாளைக்கு அச்சகத்தில் கட்டுரைகளைக் கொடுத்தாக வேண்டும். எந்தக் கட்டுரைக்குப் பின் எது, எதை எதோடு ஒட்டுவது, எந்தப் பத்தியை எங்கே முறிப்பது என்று நான் ஒருவனாக உட்கார்ந்து மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறேன். இது இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலை. தொடக்கி வைத்தவர் நீங்கள். சும்மா கிடந்த என்னை இழுத்து விட்டவரும் நீங்கள். பாதியில் எழுந்து போனவரும் நீங்கள்தான்.

அன்றைக்கு நம் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் போடுவதென்று எல்லாரும் ஒருமனதாகத் தீர்மானித்துத் தேநீருக்கு எழுந்துவிட்டார்கள். நீங்கள் மட்டும் எழும்பவில்லை. "மலர் வேணாம். புத்தகமா ஒண்டு போடுவோம்" என்றீர்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாரோ கேட்டார்கள். "மலர்ல எல்லாரும் ஈப்பாங்க, ஆனா ஒத்தரும் ஒத்தரோட பேச மாட்டாங்க. புத்தகம் எண்டா பேசணும்." எனக்கு அது பிடித்துப்போய்த் தலையை ஆட்டினேன். ஆட்டிய தலையைப் பிடித்துக்கொண்டீர்கள். அடுத்த நிமிடம் பதிப்பாசிரியர் இருவர்: அப்போதிக்கரி ஒருவர், பாடசாலைத் தமிழ் வாத்தியார் ஒருவர். அரசாங்கக் கணக்கில் நீங்கள் டொக்டருக்கு ஒருபடி கீழான அப்போதிக்கரிதான். ஊருக்கெல்லாம் டொக்டர். எனக்கும் அப்படியே.

கேள்வி ஒன்றே ஒன்று என்று நீங்கள் வகுத்தீர்கள். இந்த மலைக்குத் தமிழ் எந்த வழியாக வந்தது, வந்தது எப்படி நிலைத்தது? எழுதுகிற எல்லாரும் அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அரசவையையும் அரண்மனையையும் பற்றி எழுதப் பண்டிதரைப் பிடித்தோம். யாழ்ப்பாணத்துப் பெரிய படிப்பாளி, திருகோணமலை வீதியில் மருமகன் வீட்டில் வந்து தங்கியிருந்தார். தோட்டத்துப் பாட்டுகளைப் பற்றி எழுதத் தெல்தோட்டையில் தோட்டப் பள்ளிக்கூடம் நடத்திய வாத்தியார். ஊர்ப்பெயர்கள் என் பங்கு. வியாபாரம் உங்கள் பங்கு. திகனவில் உங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பொதி மாடு வைத்து உப்பும் கருவாடும் சீலையும் மலைக்கு மேலே ஏற்றி விற்ற குடும்பம் அல்லவா? வேறு யார் எழுதுவது!

கட்டுரைகள் வந்தன. ஐயோ, அந்தக் கட்டுரைகள்! நான் உட்பட எல்லாரும் கடலுக்குள் மூழ்கிப்போன குமரி நாட்டிலிருந்துதான் தொடங்கியிருந்தோம். அங்கிருந்து கரையேறி, பாண்டிய நாடு பார்த்து, சங்கம் மூன்றையும் கும்பிட்டு, கப்பலேறிக் கண்டிக்கு வந்து சேர்வதற்குள் கடதாசி முடிந்துவிடும். நீங்கள் ஒவ்வொன்றாக வாசித்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தீர்கள். "கடலுக்குள்ள போன நாட்டக் கடலுக்குள்ளயே உடுங்க மாஸ்டர். மாத்தளை ரோட்டால ஏறி வாங்க, பாப்போம்." என்னுடைய முதல் பக்கங்களைத்தான் முதலில் வெட்டினீர்கள், என் கண் முன்னாலேயே. மற்றவர்கள் வாயைத் திறக்காதபடி அப்படிச் செய்தீர்கள் என்று பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

வெட்டி முடித்தும் உங்களுக்குத் திருப்தி இல்லை. கட்டுரைகளை மேசையில் வரிசையாகப் பரப்பிவிட்டு, வெளியே நோயாளிகள் இருமிக்கொண்டிருக்க, அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "மாஸ்டர், ஒரே ஊட்டுக்குள்ள ஈக்கிற மனிசங்க, எழும்பினா ஒத்தருக்கொத்தர் சலாமாவது செல்லிக்கொள்ளணும். இதுகள் சலாமும் செல்ற இல்ல" என்றீர்கள். அப்போதுதான் அந்த யோசனை உங்களுக்குத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து ஒரு நோயாளி மயக்கம் போட்டு விழுந்திருக்கக் கூடாதா?

ஒவ்வொருவரின் கட்டுரையும் மற்ற எல்லாருக்கும் போய்வர வேண்டும். வாசிக்கிறவர் தன் கட்டுரையின் முடிவில், மற்றவர் சொன்னதற்கும் தான் சொல்வதற்கும் என்ன தொடர்பு என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்க்க வேண்டும். இதுதான் உங்கள் திட்டம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் நல்லது என்று சொல்லிக் கட்டுரைகளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தேன். நம் இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் உறைக்கவில்லை. உங்களுக்கு உறைக்காதது நியாயம், நீங்கள் மருந்துக்காரர். யாழ்ப்பாணத்தான் எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிறர் எழுதியதைப் பண்டிதர் ஒருவரிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னால் அவருக்கு அதன் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். மறுப்பு எழுத அழைக்கிறார்கள்!

தெல்தோட்டை வாத்தியாரின் கட்டுரைக்குப் பண்டிதர் சேர்த்து அனுப்பிய ஒரு பக்கம், அவருடைய சொந்தக் கட்டுரையைவிடத் தடித்திருந்தது. தலைப்பிலேயே மறுப்பு என்று போட்டிருந்தார். தோட்டப் பாட்டு கொச்சை, இலக்கணத்துக்குள் நில்லாதது, அதைத் தமிழின் கணக்கில் சேர்ப்பதே பிழை என்று பக்கம் பக்கமாக இடித்திருந்தார். நான் நேரே போய்க் கேட்டேன். "ஐயா, தொடர்பு எழுதச் சொன்னால் உப்பிடியோ எழுதிறது?"

"தொடர்பு எண்டால் என்ன தம்பி? பிழையை நான் கண்டும் விட்டுட்டால் நாளைக்கு என்ரை ஆசிரியர் முகத்திலை எப்பிடி முழிக்கிறது?" என்றார். அவருடைய ஆசிரியர் காலமாகி எத்தனையோ காலம். அதைச் சொல்லி இன்னொரு மறுப்பு வாங்க நான் தயாராக இல்லை.

அடுத்த கிழமை தெல்தோட்டை வாத்தியார் கலஹா பஸ்ஸில் வந்து இறங்கி, நனைந்த குடையோடு நேரே உங்கள் மருந்துச்சாலைக்கு வந்தார். சாதுவான மனிதர், அன்றைக்கு உட்காரக்கூட இல்லை. "கொச்சைன்னு எழுதிப்புட்டாருங்க. மன்னாருலருந்து நடந்தே வந்த சனம், வழியில செத்ததுபோக மிச்ச சனம் பாடுன பாட்டுங்க அது. நான் எப்படிங்க சும்மா இருக்கிறது? நானும் எழுதிட்டு வந்திருக்கேன்." அவரும் மடியிலிருந்து ஒரு கடதாசிக் கட்டை எடுத்தார். அதிலும் மறுப்பு! அதைப் பார்த்து என் ஊர்ப்பெயர்க் கட்டுரைக்கும் பண்டிதர் ஒன்று அனுப்பினார். அதற்கு நான் சும்மா இருந்தேனா? நானும் ஒன்று எழுதினேன். ஒரு புத்தகம் தொகுக்கப் போய், ஊர்ச் சண்டையைத் தொகுத்தோம்.

அப்போதுதான் நான் கத்தினேன். "டொக்டர், உது உருப்படாது. மறுப்பு எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சுபோட்டுக் கட்டுரையளை மட்டும் அச்சடிப்பம். உங்கடை புத்தகம் உலகம் முடியிற கியாமத்து நாளிலைதான் வெளிவரும் போலை கிடக்கு!" நீங்கள் சிரித்துக்கொண்டு மருந்துப் போத்தலைக் குலுக்கிக்கொண்டிருந்தீர்கள். "கியாமத்து நாள்ல எல்லாருக்கும் வாசிக்க நேரம் ஈக்கும் மாஸ்டர்" என்றீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மேசையில் கிடந்த மறுப்புகளைத் தட்டி அடுக்கினீர்கள். "பாருங்க, எல்லாத்துக்கும் எழுதீக்கிறார். என்ட கட்டுரைக்கு மட்டும் ஒரு வார்த்த இல்ல."

அது உண்மைதான். உங்கள் கட்டுரை பண்டிதரிடம் போய் மாதக் கணக்காகியிருந்தது. திரும்பி வரவுமில்லை, அதைப் பற்றி ஒரு சொல் வரவுமில்லை. நான் இரண்டு முறை கேட்டுவிட, "பாக்கிறன், பாக்கிறன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வியாபாரி வீட்டுப் பிள்ளை, தமிழை முறையாகப் படிக்காதவர் எழுதியது மறுக்கவும் பெறுமதியில்லாததோ என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு உங்கள் கட்டுரையை மட்டும் எடுத்து எடுத்துத் திருத்தத் தொடங்கினீர்கள். நல்லதாக இருந்த பத்திகளை வெட்டினீர்கள். வெட்டியதை மறுபடி ஒட்டினீர்கள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. விடுங்கள் டொக்டர், நன்றாகத்தான் இருக்கிறது என்றால், "நல்லா ஈக்கி எண்டு நீங்க செல்வீங்க. நீங்க என்ட கூட்டாளி" என்பீர்கள்.

பிறகு அந்த மலேரியாக் காய்ச்சல் வருஷம் வந்தது. மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கி, கடுகண்ணாவைக்கு அப்பால் வீடு வீடாகச் சனம் விழுந்தது. உங்களைக் கொய்னா மருந்துப் பெட்டியோடு அந்தப் பக்கம் அனுப்பினார்கள். ஒருநாள் திரும்பி வந்து, மறுநாள் மறுபடி போவீர்கள். நான் ஸ்டேஷனில் பிடித்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். ரயில் ஜன்னலால் தலையை நீட்டி நீங்கள் கேட்டது என்ன? "பண்டிதர் வாசிச்சாரா?" ஊரே செத்துக்கொண்டிருக்க இந்த மனிதனுக்குக் கட்டுரைக் கவலை என்று திட்டிக்கொண்டு வீடு வந்தேன். அந்தக் காய்ச்சல் உங்களையும் பிடித்தது. பிடித்தது விடவில்லை. மஹியாவ மையவாடியில் உங்களை அடக்கிவிட்டு வந்த அன்று, என் மேசையில் உங்கள் கடதாசிகளும் என் கடதாசிகளும் கலந்து கிடந்தன. எதை எடுத்து எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். நம் சங்கத் தலைவர் இருக்கிறாரே, கொழும்பு வீதியில் புடவைக் கடை வைத்திருப்பவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "டாக்டர் ஐயாவுக்கு நாம செய்ய வேண்டிய மரியாதைன்னு ஒண்ணு இருக்குங்க. இருக்கிற கட்டுரையையெல்லாம் சேத்து ஒரு நினைவு மலரா போட்டுருவோம். முன்னால ஐயா படம். ஆளுக்கொரு இரங்கற்பா." கை தட்டினார்கள், டொக்டர். நல்ல மனிதர்கள். உங்கள் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் எழுந்து, "மலர் எண்ட சொல்லைக் கேட்டாலே கத்தரிக்கோலைத் தூக்கிற மனுசன் அவர். அவரின்ரை பேரிலையே மலரோ?" என்று கத்திவிட்டேன். துக்கத்தில் பேசுகிறார், விடுங்கள் என்று சமாதானப்படுத்தி என்னை உட்கார வைத்தார்கள்.

இரங்கற்பாக்கள் வந்து குவிந்தன. வத்தேகமத்திலிருந்து, நாவலப்பிட்டியிலிருந்து, உங்களைக் கண்ணால் காணாதவர்களிடமிருந்து. எல்லாவற்றிலும் நீங்கள் வள்ளல், வானத்து மதி, கற்பகத் தரு. ஒன்றிலாவது உங்கள் கட்டுரையில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று இல்லை. வாசித்து வாசித்து எனக்கு வெறுத்துப்போய்விட்டது. வேலையை விட்டுவிடுவோம், எப்படியாவது போட்டுத் தொலைக்கட்டும் என்ற முடிவுக்கே வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் போன மாதம் ஒரு பின்னேரம் பண்டிதர் வந்தார். மழையில் படியேறி, மூச்சு வாங்க, துண்டில் சுற்றிய ஒரு கட்டோடு வாசலில் நின்றார். எனக்குப் பார்த்ததுமே பொங்கியது. "இரங்கற்பா எண்டால் தலைவரின்ரை கடையிலை குடுங்கோ ஐயா. இஞ்சை இனி இடமில்லை" என்றேன்.

"ஆர் சொன்னது இரங்கற்பா எண்டு? இது மறுப்பு."

"ஆருக்கு?"

"டொக்டருக்கு."

"செத்த மனுசனுக்கு மறுப்போ? உயிரோடை இருக்கேக்கை ஒரு சொல்லுச் சொல்ல உங்கடை கை எழும்பேல்லை. அந்த மனுசன் ரயிலுக்குள்ளை நிண்டும் அதைத்தான் கேட்டுது. இப்ப என்னத்துக்குக் கொண்டு வந்தனீங்கள்?" பெரியவர் என்றும் பாராமல் வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன்.

பண்டிதர் கதிரையில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. "உங்கடை ஊர்ப்பெயரை ஒரு கிழமையிலை மறுத்தன். வாத்தியாரை இரண்டு கிழமை. டொக்டர் எழுதினது அப்பிடி மறுக்கிற கட்டுரையோ தம்பி? எனக்கு ஒரு வருஷத்துக்கு மேலை பிடிச்சுப்போச்சு. இருக்கிற புத்தகம் காணாமல் ஊருக்குப் போய்ப் பாத்தன். முடிச்சுக்கொண்டு வாறன், ஆள் இல்லை." கொண்டு வந்ததை என் பக்கம் தள்ளி வைத்தார். "நீங்கள் எல்லாரும் பாட்டுப் பாடுறியள். அவர் என்ன எழுதினவர் எண்டு ஒருத்தரைச் சொல்லச் சொல்லுங்கோ பாப்பம்."

நான் தேநீர் கொண்டுவரச் சொன்னேன். அந்த ஒரு பேச்சை உங்கள் காதில் போட்டிருந்தால், அவருக்கு என்ன குறைந்திருக்கும்? வழியில் உங்களைக் கண்டபோது, எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை! மறுப்பை முடிக்காமல் எதிராளியிடம் மூச்சு விடக்கூடாது என்பது பண்டிதர்களுடைய முறையாம். என்ன முறையோ, நாசமாய்ப்போன முறை.

அவர் போன பிறகு வாசித்தேன். உங்கள் வாதத்தை உங்களைவிடத் தெளிவாக எடுத்து வைத்துவிட்டுத்தான் தொடங்குகிறார். கொடுக்கல் வாங்கல்தான் இந்த மலையில் தமிழை நிறுத்தியது, பொதி மாட்டின் பின்னால்தான் தமிழ் ஏறியது என்று நீங்கள் சொன்னீர்கள். வந்த வழி அதுதான் என்று ஒப்புக்கொள்கிறார், டொக்டர். அரண்மனையை விட்டுக்கொடுத்து ஒப்புக்கொள்கிறார்! ஆனால் நிலைத்தது அதனால் அல்ல என்கிறார். விற்கிறவன் வாங்குகிறவனின் பாஷையைத்தான் பேசுவான். டொக்டரின் முன்னோர் சந்தையில் பேசியது சிங்களமாகத்தான் இருக்கும். தமிழை வைத்துக் காத்தது வீட்டுக்குள் தாலாட்டுப் பாடிய வாயும் ஒப்பாரி வைத்த வாயும் என்கிறார். அதற்கு அவர் எடுத்துக் காட்டும் ஆதாரம் எது தெரியுமா? தெல்தோட்டை வாத்தியார் சேர்த்த தாலாட்டு. கொச்சை என்று தள்ளிய அதே பாட்டை, பாடியவளின் தோட்டத்தின் பெயரோடு, ஒரு சொல் திருத்தாமல் எழுதியிருக்கிறார். என் ஊர்ப்பெயர்கள்கூட ஓர் இடத்தில் சாட்சிக்கு வருகின்றன.

நீங்கள் கேட்ட சலாம் அதுதான். நான் எழுந்து அறைக்குள் நடந்தேன். சொல்ல ஆளில்லை.

மறுநாளே பண்டிதர் தலைவரின் கடைக்குப் போய், தன் எழுத்து மலரில் வராது, புத்தகம் என்றால் மட்டும்தான் தருவேன் என்று சொல்லிவிட்டார். தெல்தோட்டை வாத்தியாரும், "பண்டிதர் இல்லாம என்னோடது மட்டும் எதுக்குங்க? அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கலியே" என்று எழுதிப்போட்டார். கட்டுரை இல்லாமல் மலர் ஏது? இரங்கற்பாக்களைத் தனியாக ஒரு சிறு பிரசுரமாகப் போட்டுக்கொள்கிறார்கள். தலைவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கிடக்கட்டும். கட்டுரைகளையும் மறுப்புகளையும் சேர்த்தே போடுவதென்று முடிவு செய்துவிட்டேன். சண்டை போடுகிற எல்லாரும் ஒரே கேள்விக்காகத்தான் சண்டை போடுகிறார்கள். இதைத் தொகுப்பதற்கு இவ்வளவு காலம் எதைத் தேடினோம் என்று எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

ஆனால் பண்டிதர் விடுவாரா? மறுப்புக்கு மறுமொழி இல்லாமல் அச்சில் போனால் அது ஆளில்லாத வீட்டில் கல்லெறிந்த மாதிரியாம். "அவருக்காக நீர் எழுதும் தம்பி. நல்லாய் எழுதும். நான் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று சொல்லிவிட்டார். நேற்றிலிருந்து எழுதுகிறேன், கிழிக்கிறேன். சந்தையின் பெருமையையும் பொதி மாட்டின் பெருமையையும் எழுதுகிறேன். உங்கள் மாதிரி வருகுதில்லை.

ஏன் வருகுதில்லை என்று எனக்குத் தெரியும். கடைசி நாட்களில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவன் நான். காய்ச்சல் உச்சத்தில் நோயாளிகளோடு சிங்களத்தில் பேசினீர்கள், மருந்து சொன்னீர்கள். யாரோ மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் விளக்கம் கொடுத்தீர்கள். பிறகு எல்லாம் அடங்கி, சுவர்ப் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளையின் குரலில், "உம்மா, தண்ணி தாங்க" என்றீர்கள். உங்கள் உம்மா மௌத்தாகி, கண்ணை மூடி எவ்வளவோ காலம். நான்தான் தண்ணீர் கொடுத்தேன். அந்தத் தமிழை நீங்கள் எந்தச் சந்தையிலும் வாங்கவில்லை.

பண்டிதர் சொல்வதுதான் சரி, டொக்டர். அவரிடம் இல்லாத ஒரே ஆதாரம் என்னிடம் இருக்கிறது. அதை நான் கொடுக்கப் போவதில்லை. நான் உங்கள் கட்சிக்காரன். உங்கள் பக்கத்தை நான்தான் எழுத வேண்டும், எழுதுகிறேன்.